விளக்குக் கம்பத்தடியில் கோமதி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, பால் பூத் வரிசையில்தான் எனக்குச் செய்தி வந்தது. "உங்க மேல் வீட்டு மதராஸி ஆண்ட்டி ஆஸ்பத்திரியில போயிட்டாங்களாம்" என்று சொன்ன பெண், சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோமதி அக்காவின் சாவிலும் ஏதாவது மர்மம் இருக்கும் என்று நினைத்திருப்பாள். ஒன்றுமில்லை. ஆஸ்துமா. டெல்லிக் குளிரில் ராத்திரி ராத்திரியாகத் தெருவில் உட்கார்ந்தவர்களுக்கு வரக்கூடியதுதான்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோமதி அக்கா பாளையங்கோட்டைக்காரர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அசிஸ்டென்ட். திருமணம் செய்துகொள்ளவில்லை. கோல் மார்க்கெட் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, எழுபதுகளின் தொடக்கத்தில் குடிவந்தார். வாரத்தில் சில நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தகரப் பெட்டியும் மடக்கு ஸ்டூலுமாகப் படியிறங்கிப் போவார். பெண் தனியாக அந்த நேரத்தில் வெளியே போனால் எங்கள் பிளாக்குக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். பெட்டியைக் கவனித்தவர்கள் மட்டும் உளவாளி என்றார்கள்.

அவரும் யாரையும் நம்பியவர் அல்லர். புதிதாக வந்திருக்கிறாரே என்று ஒரு கிண்ணத்தில் அவியல் எடுத்துக்கொண்டு போனேன். கதவைப் பாதி திறந்து, "உன்னை யாரு அனுப்பிச்சா?" என்று கேட்டார்.

"யாரும் அனுப்பலை, நானாத்தான் வந்தேன்."

கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. "உப்பு தூக்கல்" என்பதோடு சரி.

பல மாதம் கழித்து அவரே வந்து கூப்பிட்டார். "உன் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்டுதான? எங்கூட வாரியா? பொம்பளைக ரெண்டு பேரா இருந்தா குடிகாரன் கொஞ்சம் யோசிப்பான்."

அப்படித்தான் அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஆயில் பெயிண்ட் என்று எனக்குத் தெரிந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால், விளக்குக் கம்பத்தடியில் ஸ்டூலைப் போட்டார். கைக்குட்டை சுற்றிய சின்ன டார்ச் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மஞ்சள் வெளிச்சத்தில் நீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் ட்யூப்களை எப்போதும் ஒரே வரிசையில்தான் அடுக்குவார். மூடிய கடைகள், ஈரத் தார் ரோடு, தூங்கும் ரிக்‌ஷாக்காரர், ஜன்னலில் ஒரு வெளிச்சம். ஏன் இரவில் வரைகிறீர்கள் என்று கேட்டதற்கு, "பகல்லதான் ஆபீஸுல இருக்கேனே" என்றார். படம் அழகாயிருக்கிறது என்று சொன்னால் மட்டும் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், ஏதோ காரியம் ஆகவேண்டி நான் சொன்னதுபோல.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. குரலைத் தாழ்த்தாமல் யாரும் எதையும் பேசாத காலம். பக்கத்துத் தெருவில் சரளா என்ற இந்திக்காரப் பெண் இருந்தார். அவர் கணவர் ஹரீஷ் அச்சகத் தொழிலாளி, சங்கத்தில் பேசுகிறவர். ஒரு காலையில் அவர் வீட்டில் இல்லை. ராத்திரி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றார் சரளா. நாங்கள் யாரையும் கூட்டி வரவில்லை, ஜீப் எதுவும் அந்தப் பக்கம் போகவே இல்லை என்றது காவல் நிலையம்.

சரளா வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு மாடிக்கும் வந்தார். நான் அப்போது மேலேதான் இருந்தேன். "நீங்கள் ராத்திரியில் உட்காருவீர்களே, பார்த்தீர்களா?" என்று இந்தியில் கேட்டு அழுதார். அக்கா, "நஹீ" என்று கதவைச் சாத்திவிட்டார்.

"ஏன்க்கா?"

"அவ பொண்டாட்டிதான்னு எப்படித் தெரியும்? அனுப்பிச்ச ஆளா இருந்தா?"

அன்று சாயங்காலம் நான் படியில் ஏறும்போது இறங்கி வந்த அக்கா நின்றார். "நீ வராத அன்னைக்கு நான் ஜீப்பைப் பாத்தேன். அரைமணி நேரம் நின்னுச்சு. படத்துலயே இருக்கு. அந்தப் பிள்ளை அழுத அழுகை நடிப்பு இல்ல" என்றார். கையில் காகிதம் சுற்றிய படம் இருந்தது. வேலை போய்விடும் என்றேன். "போகும்" என்றார்.

சரளாவைக் கூட்டிக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்குப் போனார். தன் உடைந்த இந்தியில், "ஜீப் ஆயா தா, மைனே தேகா" என்று தான் கண்ணால் பார்த்ததைச் சொல்லி, ஜீப் வந்ததற்குச் சாட்சியாகப் படத்தை மேஜையில் வைத்தார். இன்ஸ்பெக்டர் சிரித்தாராம். பிறகு படத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

"பாத்தியா? ஜீப்பே வரலைன்னா படத்தை எதுக்குப் புடுங்கி வச்சுக்கிடுதான்?" என்று திரும்பி வந்து என்னிடம் கேட்டார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அவர் ஊகித்தது சரியாகவே இருந்தது. இரண்டு நாளில் காவலர் ஒருவர் சரளாவின் வீட்டுப் பக்கம் வந்து, ஹரீஷ் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். ஆள் உயிரோடு இருந்தார். நெருக்கடி நிலை முடிந்தபோது வீடு திரும்பினார்.

அக்காவை மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். "அரைமணி நேரம் நின்னுச்சு, படத்துலயே இருக்குன்னு சொன்னீங்களாமே" என்று படியில் என்னிடம் சொன்னதையே வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னாராம். பதவி உயர்வு நின்றது. பழைய கோப்புகள் கிடக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அக்கா என் வாசலில் வந்து நின்று, "நீயா?" என்றார்.

"இல்லைக்கா."

"சரி."

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் தண்ணீர் வந்ததா, பால் வந்ததா என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. அந்தப் படிக்கட்டைச் சுற்றி ஆறு கதவுகள். எந்தக் கதவுக்குப் பின்னால் காது இருந்தது என்று நானும் அன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக் கதவையும் சேர்த்துத்தான்.

பிறகு டெல்லியில் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் வைத்த குண்டுகள் வெடித்த வருஷம் வந்தது. பெட்டியோடு யார் போனாலும் ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு நாள் அக்கா கதவைத் தட்டினார். "வாரியா? தனியாப் போனா பெட்டியைத் தொறந்து காட்டியே விடிஞ்சிரும்."

"என் மேல இன்னும் சந்தேகம் இருக்காக்கா?"

"இருக்கு. இருந்தா என்ன? இருட்டுல உம்பக்கத்துல உக்காரப் பயம் இல்ல."

மூச்சு வாங்க ஆரம்பிக்கும் வரை மூன்று குளிர்காலம் சேர்ந்து போனோம்.

புதன்கிழமை அவரைக் கொண்டு போனார்கள். சரளாவும் ஹரீஷும் வந்து தலைமாட்டில் நின்றார்கள். எங்கள் பிளாக் ஆண்கள் தோள் கொடுத்தார்கள், பெண்கள் படிகளில் நின்று அழுதார்கள். நான் ஒரு முகத்தைக்கூட விடாமல் பார்த்தேன். எல்லோரும் நன்றாகவே அழுதார்கள். அன்று போட்டுக்கொடுத்தவர் அதில் இருந்திருக்கலாம். இதையும் படிக்கலாம். படிக்கட்டும்.

அக்கா, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.