சரஸ்வதியின் காலடியில் ஒரு யூபோனியம்

சுப்பர்மார்க்கெட் வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பவரின் தோளுக்கு நேராக என் தோள் இருக்கிறதா என்று நான் இன்றும் பார்த்துக்கொள்கிறேன். வீட்டை விட்டு இறங்கினால் இடது கால்தான் முதலில் இறங்கும். கணவரோடு நடக்கும்போது அவருடைய காலும் என் காலும் மாறிப்போனால், ஒரு சின்னத் துள்ளல் துள்ளி என்னுடையதைச் சரிசெய்துகொள்வேன். கலியாணமான புதிதில் அந்தத் துள்ளலை அவர் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். நானும் திருத்தப் போகவில்லை.

இந்தப் பழக்கங்களை என் உடம்பில் ஏற்றிவிட்டவர் ஒரு பெண்மணி. மெல்பேர்னின் தென்கிழக்குப் பக்கம், நாங்கள் இருந்த புறநகரில், ஒரு பாண்ட் இருந்தது. மேளங்களும் பித்தளைக் குழல்களும் மட்டும். வயலின் போன்ற மென்மையான சங்கதிகளுக்கு அங்கே இடமில்லை. தெருவில் அணிவகுத்து நடந்தபடி வாசிக்கும் பாண்ட். அதில் குழல் ஊதுகிறவர்களுக்கு அவர் ஆசிரியை. பிள்ளைகள் நாங்கள் மிஸ் என்போம். என் அம்மா ரீச்சர் என்பார்.

மிஸ் இப்போது இல்லை. எனக்கு அவர் விட்டுப்போனது மேலே சொன்ன நடை. அம்மாவுக்கு விட்டுப்போனது அதைவிட எவ்வளவோ அதிகம். எழுபது வயது தாண்டிய அம்மா இன்றும் அதே மண்டபத்தில் புதுப் பிள்ளைகளுக்கு ஊதச் சொல்லிக் கொடுக்கிறார். கேரம் டவுன்ஸ் கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டு முடித்ததும், மிஸ்ஸின் குரலிலேயே “ரைட்டோ” என்கிறார். அம்மாவைப் பார்த்து எல்லோரும் பெருமைப்படுகிறார்கள். நான் பொறாமைப்படுகிறேன். யாராவது ஒருவர் அந்த வேலையையும் செய்யத்தானே வேண்டும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பாண்டில் என்னைச் சேர்த்தது அப்பா. பிள்ளை எதையாவது ஊதினால் நல்ல பள்ளிக்கூடங்களில் ஸ்கொலர்ஷிப் கிடைக்கும் என்று அப்பாவின் நண்பரான ஒரு அங்கிள் யாருடையதோ பிறந்தநாள் விழாவில் சொல்லிவிட்டார். எதை ஊதுவது என்று அவர் சொல்லவில்லை. பாண்டில் வாத்தியத்தை இரவல் கொடுப்பார்கள் என்பதால் அப்பா பாண்டைத் தேர்ந்தெடுத்தார். அப்படித்தான் ட்ரம்பெட் ஒன்று என் கைக்கு வந்து சேர்ந்தது.

மிஸ் குள்ளமான, அகலமான மனுஷி. பகலில் செடி விற்கும் நர்சரியில் வேலை. நகங்களுக்குள் எப்போதும் மண் இருக்கும். நாங்கள் தெருவில் நடந்து பழகும்போது, எங்களைப் பார்த்தபடி அவர் பின்பக்கமாகவே நடப்பார். ஒருநாளும் திரும்பிப் பார்த்தது கிடையாது. விளக்குக் கம்பங்கள்தான் அவருக்கு ஒதுங்கி வழிவிடுகின்றன என்று நான் நம்பினேன். அவருடைய வாயிலிருந்து ஒரு “நைஸ் வன், லவ்” வாங்குவதற்கு நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன், வீட்டில் பயிற்சி செய்வதைத் தவிர. ஒருமுறை வாங்கினேன். ஒரு கிழமை முழுவதும் அதை வைத்தே சாப்பிட்டேன்.

அப்பாவுக்கு மாலை வேலை என்பதால் வியாழக்கிழமைகளில் அம்மாதான் என்னைக் கூட்டிப் போவார். பகல் முழுவதும் தலையணைத் தொழிற்சாலையில் பஞ்சு அடைத்துவிட்டு வந்து, மண்டபத்தின் கடைசிக் கதிரையில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்து அரைத் தூக்கம் போடுவார். சுவெட்டரில் பஞ்சு ஒட்டியிருக்கும். அவரை எனக்குத் தெரியாது என்பதுபோல் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

யூபோனியம் ஊதிக்கொண்டிருந்த பையனின் குடும்பம் பேர்த்துக்குக் குடிபோனது. யூபோனியம் என்பது ட்ரம்பெட்டின் பெரியப்பா மாதிரி ஒன்று. இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்து ஊத வேண்டும்; குரல் தாழ்ந்து, தடித்து வரும். சின்னப் பிள்ளைகள் தட்டி விழுத்திவிடாமல் இருக்க, மிஸ் அதைக் கொண்டுபோய் அம்மாவின் மடியில் வைத்தார். தூக்கத்திலிருந்த அம்மா அதைக் கைக்குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டார். இரண்டடி போன மிஸ் திரும்பிப் பார்த்தார். ஊதிப் பாரேன் என்று சைகை காட்டினார்.

அம்மா கைலேஞ்சியை எடுத்து வாய் வைக்கும் இடத்தைத் துடைத்தார். பிறகு அனுமதி கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். ஊதினார்.

கப்பல் ஒன்று மண்டபத்துக்குள் வந்துவிட்டது போலிருந்தது. முதல் தடவை ஊதுகிற எல்லோருக்கும் காற்றும் எச்சிலும்தான் வரும். எனக்கு அதுவே பல கிழமைகள் வந்தது. அம்மாவுக்கு வந்தது ஒரு முழுச் சுரம், உருண்டையாக, நடுங்காமல். மேளக்காரப் பையன்கள் குச்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மிஸ்ஸின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்துக்காகத்தான் நான் அங்கே போய்வந்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நாட்களில் அம்மா பாண்டில் இருந்தார். சிவப்புக் கோட்டும் கொடுத்தார்கள். எனக்குத் தந்த கோட்டின் கைகள் விரல்களை மூடின. அம்மாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. வாய் வைக்கும் குமிழை மட்டும் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போதெல்லாம் ஊதிப் பழகினார். வண்டு ஒன்று காருக்குள் அகப்பட்டதுபோல் சத்தம் வரும். வீட்டில், சோறு வேகிற நேரமெல்லாம் யூபோனியம்.

“பிள்ளை, குசினிக்குள்ள மாடு ஒண்டு கத்துது, ஒருக்காப் போய்ப் பார்,” என்பார் அப்பா.

“மாடுதான் இண்டைக்குச் சோறு போடப் போகுது. பசிச்சாப் பேசாமல் இருங்கோ,” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அம்மா பகிடி விட்டு நான் அதற்குமுன் கேட்டதில்லை.

த பேசின் என்ற புறநகரின் பிள்ளையார் கோயிலில் ஒரு அன்ரி அம்மாவை மடக்கிப் பிடித்தபோது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. “எங்கட பொம்பிளையள் நாதஸ்வரமே ஊதுறேல்லை. நீர் என்ன, குழாய் ஊதிக்கொண்டு றோட்டால போறீராம்?”

“நாதஸ்வரத்துக்கு ஆள் இருக்கு அக்கா. இதுக்கு ஆளில்லை, அதுதான்,” என்றார் அம்மா. அன்ரி திருநீறு வாங்கப் போய்விட்டார். என்ன அன்ரி இவர், இன்னும் கொஞ்சம் முயற்சி செய்திருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது.

பிறகு மிஸ்ஸையும் வழியில் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினோம். அதுவரை முன் சீட் என்னுடையது. இப்போது மிஸ் முன்னால் இருக்க, அம்மா காரோட்ட, இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போவார்கள். மிஸ்ஸுக்கு முழு ஆங்கிலமும் தெரியும் என்பது வேறு விஷயம். நான் பின்னால், யூபோனியத்துக்குப் பக்கத்தில். யூபோனியத்துக்கும் சீட் பெல்ட் போட்டிருப்பார்கள்.

வசந்தகால ஊர்வலம் ஒன்று வந்தது. எங்கள் கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்க வேண்டும். நாங்கள் வாசிக்கும் பாட்டின் நடுவில் எல்லாக் குழல்களும் ஓய்ந்து, மேளம் மெல்லத் தட்ட, ஒருவர் மட்டும் தனியாக ஊதும் மெதுவான பகுதி ஒன்று உண்டு. அந்தத் தனி வாசிப்பு எனக்கு வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டில் பயிற்சி செய்தேன், குசினிக்குப் பக்கத்துக் கராஜுக்குள் ஒளித்திருந்து. ட்ரம்பெட்டை ஒளித்து ஊதலாம் என்று நம்புகிற வயது அது.

மிஸ் யாரையும் பெயர் சொல்லி ‘நீ ஊது’ என்று கேட்கமாட்டார். மெட்டில் பாதியை வாயால் பாடுவார், நிறுத்துவார், பார்ப்பார். தயாராக இருப்பவர் மீதியை ஊதி எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவருடைய தேர்வு. அந்த வியாழக்கிழமையும் பாடி நிறுத்தினார். நான் உதட்டை நனைத்துக்கொண்டு, இந்த ஒருமுறையாவது பெயர் சொல்லிக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். எனக்குப் பின்னாலிருந்து அந்தக் கப்பல் புறப்பட்டது.

“நைஸ் வன், லவ்,” என்றார் மிஸ், என் தலைக்கு மேலாகப் பார்த்து.

ஊர்வலம் சனிக்கிழமை. அந்த வருடம் நவராத்திரியின் கடைசி நாட்களும் அதோடு வந்து சேர்ந்தன. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களைப் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் அவற்றைத் தொடக் கூடாது. எழுத்தும் கூடாது, வாசிப்பும் கூடாது. பேப்பர் வாசிக்கக் கிடைக்காத அப்பா வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடம் உலகச் செய்தி கேட்பார். விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. கணக்கில் நான் கெட்டிக்காரி இல்லை. இந்தக் கணக்கு மட்டும் சட்டென்று விளங்கியது.

வெள்ளி மாலை அம்மா என் பள்ளிப் புத்தகங்களையும் அப்பாவின் கல்குலேட்டரையும் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் யூபோனியத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தேன்.

“அம்மா, இதையும் வைப்பம். இதுவும் வித்தைதானே.”

அம்மா நிமிர்ந்து பார்த்தார். “அப்ப உன்ர ட்ரம்பெட்?”

“அது நாளைக்கு ஊர்வலத்துக்கு வேணுமெல்லே.”

“எனக்கு வேண்டாமோ?”

நான் சாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிகுந்த பக்தியோடு.  அம்மா யூபோனியத்தை என் கையிலிருந்து வாங்கி, துணியால் துடைத்து, சரஸ்வதியின் காலடியில் படுக்கவைத்து, ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார்.

“அந்தப் பொம்பிளைக்கு வீணை காணாதே? இந்த அண்டாவையும் ஏன் தலையில கட்டுறீர்?” என்றார் அப்பா.

“நீங்கள் கடலையைச் சாப்பிடுங்கோ.”

அம்மா தொலைபேசியில் சொன்னது மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. சனி காலை நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கை வைத்தபடி படத்தின் முன்னால் நின்று பார்த்தார். இன்றைக்குத் தொடக் கூடாது, நாளைக்குத் தொடலாம் என்று அம்மா தன் ஆங்கிலத்தில் விளக்கினார். மிஸ் சரஸ்வதியின் கைகளைச் சுட்டிக்காட்டினார். நான்கு கைகள், மடியில் வீணை. இந்தச் சாமி மட்டும் தன்னுடையதைக் கீழே வைக்கவில்லையே என்று கேட்டார்.

அப்பாவுக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று. “ரீச்சர் சொல்லுறது நியாயம்தானே!”

அம்மா சிரித்தார். சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “என்ன பிள்ளை, எடுக்கட்டோ?”

“பாவமம்மா,” என்றேன். “நாளைக்கு எடுக்கலாம்தானே.”

“ருமோறோ, ரீச்சர்,” என்றார் அம்மா.

மிஸ் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அப்படியானால் அந்த இடத்தில் யாருக்கு வருகிறதோ அவர் ஊதட்டும் என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார். யாருக்கு வரும்? பாண்டில் அம்மாவை விட்டால் அதை முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஊர்வலம் தொடங்குமுன் என்னைக் கூப்பிட்டுச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

சொல்லவில்லை. என் தொப்பியை நேராக்கிவிட்டு, வழக்கம்போல் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். அம்மா கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார். பட்டுச்சேலை, அதன்மேல் பஞ்சு ஒட்டிய சுவெட்டர், காலில் வெள்ளைச் சப்பாத்து. நடைபாதையில் சனத்தை விலக்கிக்கொண்டு, என் வரிசைக்குச் சமமாக நடந்து வந்தார். அவருடைய காலும் இடது வலது பிசகவில்லை.

தபால் கந்தோருக்கு முன்னால் அந்த இடம் வந்தது. குழல்கள் எல்லாம் ஓய்ந்தன. மேளம் மட்டும் மெல்லத் தட்டியது. மெட்டு முழுவதும் என் விரல்களில் இருந்தது. ட்ரம்பெட்டும் உதட்டருகே இருந்தது. ஊதச் சொல்லிக் கேட்கட்டும், தெரு முழுவதற்கும் காதில் விழும்படி கேட்கட்டும் என்று நான் விறைத்தபடி நடந்தேன். மிஸ் வாயைத் திறக்கவில்லை.

அப்போது நடைபாதையிலிருந்து பாட்டு வந்தது. யூபோனியத்தைத்தான் சரஸ்வதியிடம் வைத்திருந்தோம். அம்மாவின் வாயை யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை.

சொல் எதுவும் இல்லை, வெறும் “தா… ரா… ரா” தான். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். மேளக்காரப் பையன்கள் தட்டலை இன்னும் தணித்தார்கள். அம்மா நடந்துகொண்டே பாடினார். நடுவில் ஒருமுறை நிறுத்தினார். பிறகு மீதியையும் பாடி முடித்தார். தெரு முழுவதும் கை தட்டியது. அதில் பலமாகத் தட்டியது அப்பா. யூபோனியத்தோடு வந்திருந்தால் இதில் பாதிகூடக் கிடைத்திருக்காது. நான் கடவுளையும் கூட்டுச் சேர்த்துச் செய்த ஏற்பாடு, அம்மாவுக்கு நல்ல விளம்பரமாக முடிந்தது.

அப்பா அங்கிருந்தே வேலைக்குப் போய்விட்டார். காரில் முன் சீட் அன்றைக்குக் காலியாக இருந்தும் நான் பின்னால்தான் ஏறினேன்.

“கால் நோகுதோ பிள்ளை?” என்று அம்மா கேட்டார்.

“இல்லை.”



நடுவில் அம்மா நிறுத்திய அந்த ஒரு கணத்தைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அவர் பாடியது யூபோனியத்தின் தாழ்ந்த குரலில் அல்ல. தன் தொண்டைக்கு எட்டாத உயரத்தில், கழுத்து நரம்பு தெரிய, ட்ரம்பெட்டின் உயரத்தில் பாடினார். மண்டபத்தில் மிஸ் நிறுத்துவதுபோல், சரியாகப் பாதியில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, சனங்களின் தலைகளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். எனக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்த மிஸ்ஸும் என்னைத்தான் பார்த்தார். மேளம் தட்டிக்கொண்டே இருந்தது. அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது.

நான் கண்களை நேரே வைத்துக்கொண்டு நடந்தேன். அம்மாவுக்கு மூச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.