முதல் மணி நேரத்துப் படம்

பூதத்தானை அந்தப் பெயரால் கூப்பிட பம்பாயில் ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியில் அவர் 'பூத்'. இந்தியில் அதற்குப் பேய் என்று அர்த்தம். மராத்திக்கார வார்டு பையன்கள் வைத்த பெயர். வராந்தாவில் யாராவது "பூத், பூத்" என்று குரல் கொடுத்தால் புதிதாக வந்த நோயாளிகளின் சொந்தக்காரர்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு நரைத்த மீசையும் காக்கிச் சட்டையுமாக ஒரு மெலிந்த மனிதர் வருவார். தாராவியில் குடியிருந்த சந்தில் அவர் ஸ்கேன் அண்ணாச்சி. மகள் பேராச்சிக்கு அப்பா. பெண்டாட்டி முப்பிடாதியம்மாளுக்கோ 'இந்தாருங்க' மட்டும்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட பக்கத்தில் நிற்பவளுக்குக் கண்ணைக் காட்டுவாள், அவள் சொல்லுவாள்.

மற்றபடி முப்பிடாதியம்மாளின் வாய்க்குப் பூட்டு இல்லை. குழாயடிச் சண்டையைத் தமிழில் தொடங்கி, இந்திக்குப் போய், மராத்தியில் முடிப்பாள். வீட்டு வாசலில் உட்கார்ந்து கைமுறுக்கு சுற்றி கிங்ஸ் சர்க்கிள் கடைகளுக்குப் போடுவது அவள் தொழில். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மாவு திரிந்து திரிந்து வட்டமாக இறங்கும். அதே வேகத்தில் பேச்சும் இறங்கும். எதிர்வீட்டு முருகம்மாள் பதில் சொல்லிக்கொண்டே வெங்காயம் உரிப்பாள்.

பூதத்தானின் தொழில் தலையைப் பிடிப்பது. ஊரிலிருந்து வந்த புதிதில் தோல் பட்டறையில் இருந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளினார். மூளையைப் படம் எடுக்கிற மிஷின் நகரத்தில் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் இருந்த காலம் அது. ஆஸ்பத்திரிக்கு ஒன்று வந்து இறங்கியபோது, அதை வைத்திருந்த குளிர்ந்த அறைக்கு இவரை மாற்றினார்கள். படம் எடுத்து முடிய அரைமணி நேரம் ஆகும். தலை ஒரு நெல்லளவு அசைந்தாலும் படம் கலங்கிவிடும். நினைவு தடுமாறிய நோயாளிகள் சும்மா கிடப்பார்களா? பூதத்தான் கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் காதோரம் பிடித்து, அவரவர் பாஷையில் முணுமுணுப்பார். கை நடுங்காது. யாருடைய தலையாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் அவர் கைக்குள் அடங்கிவிடும்.

அதை வைத்துத்தான் வீட்டில் கேலி.

"ஊருல உள்ளவன் தலையெல்லாம் பூ மாதிரி பிடிக்கியளாமே. என் தலையில என்னைக்காவது கைய வச்சிருக்கியளா?"

"உன் தலையப் பிடிக்கணும்னா முதல்ல உன் வாய் நிக்கணும்ளா. அதுக்கு இன்னும் மிஷின் வரல."

அந்த அறைக்கு அடிக்கடி வருகிறவர் டாக்டர் வாக்ளே. முப்பது வயது இருக்கும். பக்கவாதம் வந்தவர்களின் மூளையை வந்தவுடன் ஒருமுறை, சில நாள் கழித்து ஒருமுறை என்று படம் எடுத்து, அடைப்பு எப்படிப் பரவுகிறது, யார் தேறுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வெளிச்சப் பலகையில் படத்தை மாட்டினால் தலை வில்லை வில்லையாக நறுக்கி வைத்த மாதிரி தெரியும். வெள்ளையாகப் பூத்திருந்தால் ரத்தம் கசிந்திருக்கிறது. கறுத்திருந்தால் ரத்தம் போகாமல் அந்த இடம் செத்துப்போயிருக்கிறது. இதெல்லாம் பூதத்தானுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்து, டாக்டர் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, பிடிபட்டது. நோயாளியின் ஆட்கள் வெளியே காத்திருப்பார்கள். இவர் தலையாட்டினால் அழுகையை நிறுத்துவார்கள்.

வாக்ளேவுக்கு ஒரு மனக்குறை. யாருமே நேரத்தில் வருவதில்லை. புறா ரத்தத்தைச் சூடாகத் தேய்த்துப் பார்த்துவிட்டு, மந்திரித்துப் பார்த்துவிட்டு, டோம்பிவிலியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் இரண்டு மூன்று நாள் கழித்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குள் படம் கறுத்திருக்கும். முதல் மணி நேரத்துப் படம் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை, அந்த நேரத்தில் மூளை எப்படி இருக்கிறதென்று தான் பார்த்ததேயில்லை என்று பூதத்தானிடம் சொல்லிக் குறைப்படுவார்.

எண்பத்தைந்தில், தீபாவளிக்கு முந்தின வாரம், அந்தப் படம் கிடைத்தது.

அன்று பூதத்தானுக்கு மதியம்தான் டூட்டி. காலையில் வாசலில் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார். முப்பிடாதியம்மாள் சாக்குத்துணியை விரித்து முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றதை அவர் கவனிக்கவில்லை, முறுக்கைத்தான் கவனித்தார். மூன்றாவது சுற்று இரண்டாவதோடு ஒட்டாமல் தனியாகப் பிரிந்து போயிற்று. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் வட்டமே இல்லை. புழு மாதிரி ஒரு கோடு. வலது கை மாவின் மேல் கிடந்தது. வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது.

தள்ளுவண்டியில் எத்தனையோ முகங்களில் அதைப் பார்த்தவர். முருகம்மாள் புறாவுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. பெண்டாட்டியை அள்ளிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடி டாக்சியை நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் அதுவரை யாரிடமும் எதுவும் கேட்காதவர், அன்று எல்லோரிடமும் கேட்டார். காட்கோபரிலிருந்து வந்து முறைக்குக் காத்திருந்த ஒருவரின் தம்பியிடம் கைகூப்பி, அந்த நோயாளியின் தள்ளுவண்டியை ஓரமாக நகர்த்தி, முப்பிடாதியம்மாளை உள்ளே கொண்டுபோனார்.

அதற்குள் வலது கை அசையத் தொடங்கியிருந்தது. ஈய அங்கியை மாட்டிக்கொண்டு அவள் தலையைப் பிடித்தார். எள்ளும் எண்ணெயும் மணத்தது. அவள் கண்ணை மேலே உயர்த்தி அவரையே பார்த்தாள்.

"அசையாதளா" என்றார். அவள் அசையவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படம் ஈரத்தோடு வந்தது. வாக்ளே மாட்டினார். பூதத்தான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வில்லை வில்லையாக, இரண்டு பாதியும் ஒரே சாம்பல் நிறம். வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. அவ்வளவு சுத்தமான தலையை அவர் அந்தப் பலகையில் பார்த்ததில்லை.

வாக்ளே அவசரமாகச் சொன்னார். இதை நம்ப வேண்டாம். ரத்தக் கசிவு இல்லை என்பது மட்டும்தான் இதில் உறுதி. அடைப்பு இருந்தால் இவ்வளவு சீக்கிரத்தில் தெரியாமலும் போகலாம். வார்டில் வைத்துப் பார்ப்போம், மூன்றாம் நாள் இன்னொரு படம் எடுப்போம். சொல்லிக்கொண்டே அவளைச் சோதித்தார். அவர் இந்தியில் கேட்க, பூதத்தான் தமிழில் சொன்னார். கையைத் தூக்கு, தூக்கினாள். காலை மடக்கு, மடக்கினாள். புருஷன் பெயர் என்னவென்று கேள் என்றார் டாக்டர்.

"உம் புருஷன் பேரு என்னன்னு கேக்காவ."

முப்பிடாதியம்மாள் அவரைப் பார்த்தாள். உதடு திறந்தது, மூடியது. மறுபடியும் திறந்தது. சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று முகத்தில் வந்து நின்றது.

பூதத்தான் பெரிதாகச் சிரித்துவிட்டார். எங்கள் ஆட்களில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லமாட்டாள் சாப், கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்லமாட்டாள் என்றார். பக்கத்தில் நின்ற மராத்தி நர்ஸ், எங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்று சிரித்தாள். வாக்ளேவும் சிரித்தார். அந்த நேரம் பார்த்து வேறு வார்டிலிருந்து ஆள் ஓடிவர, அவர் போய்விட்டார்.

வார்டில் கட்டில் இல்லை. கக்கூஸுக்குப் போகிற வழியில் பாயை விரித்தார்கள். முப்பிடாதியம்மாள் இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். விடாமல் இழுத்தாள். தீபாவளிச் சரக்கு பாதியில் நிற்கிறதே, வீட்டுக்குக் கூட்டிப்போ என்கிறாள் என்று அவருக்குப் பட்டது. கண்ணுக்குள் அந்தச் சுத்தமான படம் நின்றது. மூன்றாம் நாள் நானே கொண்டுவருகிறேன் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

வழியில் கிங்ஸ் சர்க்கிளில் டாக்சியை நிறுத்தி மல்லிகைப்பூ வாங்கினார். அவரே அவள் தலையில் வைத்தார். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் என்று நினைத்தார். எண்ணெய்ச் சட்டி அடுப்பிலேயே கிடக்கத் தூக்கிக்கொண்டு ஓடியதற்குக் கோபம். சந்தே திரண்டு விசாரித்தது. படத்தில் ஒன்றுமில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். முருகம்மாளிடம் கொஞ்சம் கூடவே சொன்னார்.

"இன்னைக்குத்தான் மதினி, எங்க வீடு வீடா இருக்கு. ஒரு சத்தம் உண்டா பாத்தியளா?"

முருகம்மாளும் சிரித்தாள்.

விடிந்தபோது முப்பிடாதியம்மாள் பாயிலிருந்து உருண்டு சுவரோடு கிடந்தாள். வலது பக்கம் முழுதும் விழுந்திருந்தது. பூ காதோரத்தில் நசுங்கியிருந்தது.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மூன்றாம் நாள் இரண்டாவது படம் எடுத்தார்கள். வேறு ஆளை விடு என்று வாக்ளே சொல்லியும் கேட்காமல் பூதத்தானே தலையைப் பிடித்தார். வெளிச்சப் பலகையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார் டாக்டர். இடது பாதியில் நெற்றியிலிருந்து காதுக்குப் பின்னால் வரை கறுப்பு. கரி படிந்த சட்டியின் அடி மாதிரி. பக்கத்திலேயே அந்தச் சுத்தமான படமும் தொங்கியது. ஒரே தலை.

வார்டிலேயே இருந்திருந்தால் அந்தப் பாதி பிழைத்திருக்குமா என்று பூதத்தான் கேட்டார். வாக்ளே பொய் சொல்லவில்லை. அடைப்பை எடுக்கிற மருந்து எங்களிடம் இல்லை. ரத்த அழுத்தத்தைப் பார்ப்போம், நீர் ஏற்றுவோம், திருப்பித் திருப்பிப் படுக்க வைப்போம். அதில் ஏதாவது மிஞ்சியிருக்கலாம், மிஞ்சாமலும் போயிருக்கலாம். தெரியவில்லை என்றார். பிறகு படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்று கேட்டார்: அன்று காலையிலிருந்து அவள் உன்னிடம் என்ன பேசினாள்?

பூதத்தான் யோசித்தார். முறுக்கு. டாக்சி. இந்த அறை. வார்டில் சட்டையைப் பிடித்து இழுத்தது. பூ வைத்தது. ஒவ்வொன்றாகத் திரும்பப் போய்ப் பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. வட்டம் பிரிந்த அந்த முறுக்கிலிருந்தே அவளுக்குப் பேச்சு இல்லை. குழாயடியையே கலக்குகிறவள் ஒரு பகல் முழுதும் வாய் திறக்கவில்லை. அவர் அதை வழக்கம் என்றார், கோபம் என்றார், நிம்மதி என்றும் சொன்னார்.

"பேரச் சொல்லமாட்டாள்னு நெனச்சேன் சாப்" என்றார். அவரை அறியாமல் தமிழில்.

வாக்ளேவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்திருக்க வேண்டும். "நானும்தான் சிரித்தேன், பூத்" என்றார் இந்தியில்.

வீட்டுக்கு வந்த பிறகு டாக்டர் சொன்னபடி பேராச்சி அம்மாவுக்கு வார்த்தை சொல்லிக்கொடுத்தாள். தண்ணி. சோறு. வெயில். முப்பிடாதியம்மாள் மகளின் உதட்டையே பார்ப்பாள். தொண்டையில் காற்று மட்டும் வரும். பூதத்தான் டூட்டி முடிந்து வந்து அவளைத் தூக்கி உட்கார வைத்து, தலை சாயாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார். பேராச்சி கஞ்சி ஊட்டுவாள்.

தைப் பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில், அவர் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது, பின்னாலிருந்து கேட்டது.

"பூதத்தான்."

தெளிவாக. ஒரு எழுத்து சிதையாமல். அவருடைய ஆத்தா செத்தபிறகு அந்தப் பெயரை முழுசாக யாரும் சொன்னதில்லை. வாசலில் முருகம்மாள் குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள். பூதத்தான் திரும்பி ஓடிவந்து அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு மட்டம் சொல்லு" என்றார். சொன்னாள். தண்ணி சொல்லு என்றார். "பூதத்தான்" என்றாள். மகள் பேரைச் சொல்லு என்றார். "பூதத்தான்." முருகம்மாளைக் காட்டி இது யாரு என்றார். அதற்கும் அதேதான். அப்புறம் அவர் கேட்கவில்லை.

அந்த ஒரு சொல்தான் திரும்பி வந்தது. சிலருக்கு அப்படி ஒன்று மட்டும் மிஞ்சும் என்றார் வாக்ளே. எது மிஞ்சும், ஏன் அது என்று எந்தப் படத்திலும் தெரியாது. பசித்தால் பூதத்தான். ஈ மொய்த்தால் பூதத்தான். குழாயடிச் சத்தம் கேட்டு உடம்பு துடிக்க, பூதத்தான் பூதத்தான் என்று கிடந்தபடியே சண்டை போடுவாள். சந்துப் பெண்கள் முதலில் கூசினார்கள். பிறகு பழகிவிட்டது. அவளுக்குத்தான் பழகவில்லை. தன் வாயிலிருந்து என்ன வருகிறதென்று அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

பூதத்தான் தொனியைப் படித்துக்கொண்டார். இழுத்தால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் வலி. ஆஸ்பத்திரியில் வேலை மாற்றிக் கேட்கவில்லை. வெளியே ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால் இப்போது தலையாட்டுவதில்லை. டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நடப்பார். வாக்ளே மாணவர்களைக் கூட்டிவந்து அந்த இரண்டு படங்களையும் மாட்டுகிற நாளில் மட்டும் வராந்தாவில் போய் நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேராச்சி கடைக்குப் போயிருந்தாள். பூதத்தான் பெண்டாட்டியின் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கடைசிச் சிக்கையும் பிரித்துவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு வார்டுல என் சட்டையப் பிடிச்சு இழுத்தியே. வீட்டுக்குப் போவோம்னு இழுத்தியா, போகாண்டாம்னு இழுத்தியா?"

அவள் கண்ணை மேலே உயர்த்தி, மிஷினுக்குள் பார்த்த மாதிரியே, அவரைப் பார்த்தாள். கேள்வி புரிந்திருந்தது. உதடு திறந்தது, மூடியது. சிரிப்பு மாதிரி இருந்த அது மறுபடியும் முகத்தில் வந்தது. அது சிரிப்பில்லை என்று இப்போது அவருக்குத் தெரியும்.

"பூதத்தான்" என்றாள்.

இழுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. அந்தத் தொனி அவர் படித்ததில் இல்லை.

கை வாயைப் பொத்தப் போனது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு, "இங்கனதான் இருக்கேன்" என்றார்.