லாரி பேட்டரியில் மாட்டிய மோட்டார் பெட்டி

நான் பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோவில்பட்டியில் ஒரு சிறு பட்டறையில் சால்டரிங், அதாவது ஈயம் உருக்கி ஒட்டும் வேலை எனக்கு. கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டி செய்கிறோம். கிணற்றுக்குள் ஒரு மிதவை கிடக்கும். தண்ணீர் உள்ளவரை அதன் வழியாகப் பேட்டரி மின்சாரம் பெட்டியிலுள்ள சிப்பின் காலுக்கு, அதாவது அதன் ஒரு கம்பி முனைக்கு வரும். தண்ணீர் இறங்கி மிதவை தொங்கினால் மின்சாரம் அறும்; சிப் மோட்டாரை நிறுத்தும். அந்தக் கால் ஐந்து வோல்ட்டுக்கு மேல் தாங்காது. எங்கள் பக்கம் பம்ப்செட் கரண்ட் ஏறி இறங்கும் என்பதால் பெட்டிக்கு மட்டும் டிராக்டர் பேட்டரியில் கொடுப்பார்கள். அதன் பன்னிரண்டு வோல்ட்டைக் கால் தாங்காது என்பதால், மின்சாரத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் இரண்டு போட்டு, வருவதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் காலுக்கு விட்டிருந்தோம். பன்னிரண்டு வந்தால் நான்கு.

கடம்பூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரியின் தோட்டத்தில் பெட்டி மாட்டப் போயிருந்தேன். மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்றது. தண்ணீரில்லாமல் ஓடி மோட்டார் எரிந்தால், அதன் கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டி வருவதற்குள் செடி சுருண்டுவிடும். நான் மிதவையைக் கட்டிவிட்டு வருவதற்குள் மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது. டிராக்டர் உழவுக்குப் போயிருந்ததால், சாப்பிட வந்த மைத்துனரின் லாரி பேட்டரியிலிருந்து பெட்டிக்கு வயரை இழுத்திருந்தார் சம்சாரி. லாரி இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"மச்சான், எம் பேட்டரிக்கு முன்னால ஒம்ம டிராக்டர் பேட்டரி பச்சப்புள்ள!" என்றார் மைத்துனர்.

மீட்டரை வைத்தேன். இருபத்தேழு வோல்ட்; லாரியில் இருப்பது இருபத்துநான்கு வோல்ட் பேட்டரி, இன்ஜின் ஓடினால் இன்னும் கூடும். அப்படியானால் காலுக்கு ஒன்பது. பெட்டியின் பச்சை விளக்கு நன்றாகவே எரிந்தது. விளக்குக்குப் போகும் வழியில், எவ்வளவு வந்தாலும் ஒரே அளவில் விடும் ரெகுலேட்டர் உண்டு. மிதவை வயரில் இல்லை.

"அண்ணாச்சி..." என்றேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

கிணற்றை எட்டிப் பார்த்தேன். மிதவை தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் நிற்கவில்லை. குழாயில் தண்ணீரோடு காற்றும் சேறும் கக்கியது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

"ஏம்மா, யாரக் கேட்டு அமத்துத? கரண்டு போயிட்டா நீயா வந்து தண்ணி பாய்ச்சுவ?" என்று சம்சாரி சத்தம் போட்டார்.

கிணற்றைக் காட்டினேன். "மிதவை தொங்குது. பெட்டி நிறுத்தல. காலு எரிஞ்சிட்டு."

"யாரு காலும்மா?" என்று மைத்துனர் சிரித்தார். சம்சாரி கிணற்றுக்குள் பார்த்துவிட்டு வந்தார். அவர் சிரிக்கவில்லை.

பையில், பெட்டிக்குள் சிப்போடு இருக்கும் போர்டுக்கு மாற்றுப் போர்டும் ஆப்டோ கப்ளரும் இருந்தன. ஆப்டோவுக்குள் ஒரு பக்கம் மிதவை வயரில் எரியும் சின்ன விளக்கு, எதிரே அதைப் பார்க்கும் கண். நடுவில் கம்பித் தொடர்பு கிடையாது. விளக்கின் முன் பெரிய ரெசிஸ்டர் வைத்தால் பன்னிரண்டு வந்தாலும் இருபத்தேழு வந்தாலும் அது கெடாமல் எரியும். சிப் கண்ணின் பக்கம் பத்திரமாக இருக்கும். மோட்டார் அறையிலேயே சால்டர் செய்து மாட்டினேன்.

"இதுவும் நிக்காட்டி?" என்றார் சம்சாரி.

"மிதவைய மேல இழுத்து நிமித்திப் பிடிங்க" என்று மெயின் சுவிட்சைப் போட்டேன்.

நிமிர்த்திப் பிடித்தார். மோட்டார் ஓடியது.

"விடுங்க."

பெட்டிக்குள் டக்கென்றது. மோட்டார் நின்றது.

"இத மொதல்லயே போட்டா என்னவாம்?"

"டிராக்டர் பேட்டரிதான் வரும்னு நெனச்சிட்டோம் அண்ணாச்சி."

மறுநாள் டிராக்டர் வந்துவிட்டதாம். அதன் பேட்டரியில் மாட்டி மிளகாய்க்கு மீதித் தண்ணீர் பாய்ச்சினார்கள். நான் பட்டறையில் இருந்த போர்டுகளில் ஆப்டோ வைப்பதற்காக ரெசிஸ்டர்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.