தம்பியின் கோணல் வில்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் ரசமட்டம் என்று பெயர். கதவு, ஜன்னல் செய்கிற தச்சர், மட்டம் பார்க்கிற அந்தக் கருவி கையை விட்டு இறங்காது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட இவர் கேமராவைப் பார்க்கவில்லை. பின்னால் தொங்கிய திரை ஒரு பக்கம் இறங்கியிருந்ததாம், அதைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறார். கோணலாக இருக்கிற எதுவும் அவருக்கு ஆகாது. அப்புறம் என்னை எப்படிக் கட்டிக்கொண்டார் என்று என் தம்பி கேட்பான்.

நல்ல மனிதர்தான். ஆனால் பொறாமை என்று வந்துவிட்டால் ஆளே வேறு. பக்கத்துத் தெருத் தச்சருக்கு ஒரு பெரிய வீட்டு வேலை கிடைத்தால் இவருக்குச் சோறு இறங்காது. அந்த வீட்டுப் பக்கமாக வேலை இல்லாமலே நடந்து போய், நிலைக்கதவில் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட்டு வந்தால்தான் பசிக்கும். அப்படிக் கண்டுபிடித்த நாளில் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

கீழே பட்டறை, அதன் மேல் எங்கள் வீடு, மாடியில் ஒற்றை அறையில் என் தம்பி. அவன் தையல்காரன். ஒரு துணிக்கடை வாசலில் மிஷின் போட்டுக்கொண்டு, பேண்ட்டுக்கு உயரம் குறைத்துக் கொடுக்கிறான். அவனுக்கு ஓர் ஆணி அடிக்கத் தெரியாது. சுத்தியலைத் தூக்கினால் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அடி விழும். இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பது என் வீட்டுக்காரருக்கு ஒரு பொழுதுபோக்கு. தம்பியும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

அந்தப் பையன்தான் வில் செய்கிறேன் என்று கிளம்பினான். செல்போனில் எவனோ செய்வதைப் பார்த்தானாம். ரோட்டை அகலப்படுத்த வெட்டிப்போட்ட மரத்திலிருந்து ஒரு கிளையைத் தோளில் சுமந்து வந்தான். உள்ளே மஞ்சளாக இருந்தது. என்ன மரம் என்று இவருக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வாரா? "அடுப்புக்கு ஆகும்" என்றார்.

கிளை மாடிப்படிக்கு அடியில் கிடந்து காய்ந்தது. பிறகு இவரிடமே ஆப்பு கடன் வாங்கிப் பிளந்தான். பட்டையை உரித்தான். பட்டைக்கு அடியில் இருந்த பக்கம்தான் வில்லுக்கு முதுகாம். அதில் கத்தியே படவில்லை. மேடும் பள்ளமுமாக, ஓரிடத்தில் கணு புடைத்துக்கொண்டு அப்படியே இருந்தது. உள்பக்கத்தை மட்டும் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். சுவரில் தையல் சாக்பீஸால் கோடு போட்டு, வில்லை ஆணியில் மாட்டி, கயிற்றைக் கீழே இழுத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு வளைகிறதா என்று பார்ப்பான். அந்த ஆணியை அடித்துக் கொடுத்தது நான்.

"சட்டைக்கு ரெண்டு கையும் ஒண்ணா வரணும்ல அக்கா, அதே மாதிரிதான் இதுவும்" என்றான்.

பட்டறைக்குப் பின்னால் காலி இடம். அங்கே துணி வெட்டுகள் அடைத்த சாக்கை நிறுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் அம்பை விட்டான். போய்ச் சொருகியது. நான் கை தட்டினேன். பட்டறை வாசலில் நின்றிருந்த இவர் முகம் சுண்டிப்போனது.

அதிலிருந்து வீட்டில் ஒரே புகைச்சல். குழம்பில் உப்பு கூட என்றார், தம்பி மாடிப்படியில் செருப்பைத் தேய்த்து நடக்கிறான் என்றார். ஜன்னலுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு வாத்தியார், "வில் செய்றவர் வீடு இதுதானே? அதைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டார். இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வளர்ந்தவர் கண்ணெதிரே, ஆணி அடிக்கத் தெரியாதவனுக்கு அந்தப் பெயர். வாத்தியார் வில்லை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, ஜன்னலை மறந்து போய்விட்டார்.

மறுநாளே இவர் ஒரு தேக்குப் பலகையை எடுத்தார். நல்ல பலகை, யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. அறுத்து, இழைத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தார். பொய் சொல்லக் கூடாது, அழகான வில். கண்ணாடி போலப் பளபளத்தது, இம்மி கோணல் கிடையாது. எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தி, நாணை மாட்டி இழுத்தார். பாதி தூரம்கூட வரவில்லை. படீரென்று இரண்டாகப் போனது.

நான் சிரித்துவிட்டேன். அடக்கித்தான் பார்த்தேன், முடியவில்லை. தம்பி சிரிக்கவில்லை. துண்டுகளைப் பொறுக்கி, உடைந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"முதுகுப் பக்கம் நாரை வெட்டிட்டீங்க மாமா. துணியில நூல் ஓடுற மாதிரி மரத்துல நார் ஓடுது. அது கோணலா போனா நாமளும் கோணலாத்தான் போகணும். நேரா இழைச்சா அறுந்துடும்."

"நீ எனக்கு மரம் சொல்லித் தர்றியா?"

"இல்ல மாமா, வீடியோவுல சொன்னான்."

இவர் துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். அவன் சொன்னதைவிட நான் சிரித்ததுதான் சுட்டிருக்கும். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையைக் கூட்டினேன். பெஞ்சுக்கு அடியில் இழைத்துத் தள்ளிய தேக்குச் சுருள்கள். அவற்றோடு மஞ்சளாகவும் சில. இழைப்புளியின் வாயில் ஒன்று இன்னும் சிக்கியிருந்தது. அந்த மஞ்சள் மரம் எந்தக் கடையிலும் கிடையாது.

மாடிக்குப் போனேன். தம்பி குளித்துக்கொண்டிருந்தான். அறை எப்போதும் போலத் திறந்து கிடந்தது. வில்லை எடுத்து முதுகைத் தடவினேன். கணு இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. வெட்டு தெரியாதபடி பாலிஷ் வேறு பூசியிருந்தார். கோணலைக் கண்டால் இவருக்குக் கை நிற்காது என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கை தானாகப் பாலிஷ் பூசுமா? நாரை வெட்டினால் உடையும் என்று காதால் கேட்டு, தன் வில்லிலேயே பார்த்தும் விட்டவர்.

தம்பியிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த மனிதர் தன் வாயால் சொல்கிறாரா, இல்லை நான் இழுத்து என் மூஞ்சி உடைந்தாலும் பரவாயில்லை என்று நிற்கிறாரா, அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒருவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு அதைத் தெரிந்துகொள்ளாமல் விட என்னால் முடியவில்லை.

வில்லை நானே கீழே கொண்டு வந்தேன். அப்போதே முறிந்துவிடாதபடி மெல்ல வளைத்து நானே நாணை மாட்டினேன். தம்பி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

"இன்னைக்கு நான்தான் முதல்ல" என்றேன்.

"அடிச்சு நொறுக்கு அக்கா" என்று சாக்கை நேராக்கப் போனான்.

இவர் பென்சிலைக் காதில் சொருகியபடி வாசலுக்கு வந்தார். என் கையில் இருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை? வச்சுட்டு வா."

"ஏன்?"

"கை வலிக்கும்."

"வலிச்சா வலிக்கட்டும். வேற ஏதாவது சொல்லணுமா?"

காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடியும் அங்கேயே சொருகினார். தம்பி அங்கிருந்து, "ஒண்ணும் ஆகாது மாமா, அக்கா நல்லா இழுப்பா" என்றான். நான் நாணில் விரல் வைத்தேன். இழுக்க ஆரம்பித்தேன்.

பாய்ந்து வந்து பிடுங்கினார். "குடு, நான் பாக்குறேன்."

கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, சாக்கைக்கூடப் பார்க்காமல், சுவரைப் பார்த்து நின்று முழுக்க இழுத்தார். தன் கையில் உடைந்தால், இழைத்தது யாருக்கும் தெரியப்போவதில்லை என்று கணக்குப் போட்டிருப்பார். கணு இருந்த இடத்தில் வில் முறிந்தது. மேல்பாதி திரும்பி வந்து புருவத்தில் அடித்தது. உட்கார்ந்துவிட்டார்.

தம்பி துண்டோடு ஓடிவந்து காயத்தை அழுத்திப் பிடித்தான். துண்டு நனைந்தது. அவனுக்குக் கண் கலங்கியிருந்தது, வில்லுக்காக இல்லை.

"உங்க கைப் பலத்துக்கு என் வில்லு தாங்கல மாமா. விடுங்க, வேற செஞ்சுக்கலாம்."

இந்த மாதிரி ஒரு வார்த்தைக்குத்தான் இவர் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தார். கிடைத்தது. வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இழைச்சுட்டேன்டா" என்றார்.

"என்னது?"

"அந்தக் கணுவை. நேத்து நீ கடைக்குப் போனப்புறம். தெரிஞ்சேதான் இழைச்சேன்."

தம்பி துண்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தான். உடைந்த பாதியை எடுத்து, இழைத்த இடத்தில் கட்டைவிரலை ஓட்டினான்.

"அக்கா இழுத்திருந்தா?"

அவர் துண்டைப் புருவத்தில் அழுத்திக்கொண்டார். அந்தக் கேள்வியில் எனக்கும் பங்கு உண்டு. காலையிலேயே எனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை.

தம்பி எங்களோடு சண்டை போடவில்லை. சாக்கை அவிழ்த்துத் துணி வெட்டுகளைக் குப்பையில் கொட்டினான். சாப்பாட்டைத் தட்டில் போட்டு மாடிக்கு எடுத்துப் போனான். மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது ஒரு பூட்டும் கொண்டியும் வாங்கி வந்தான். அந்த அறைக் கதவு இவர் செய்தது. வீட்டு ஆளுக்கு எதற்குப் பூட்டு என்று கொண்டியே வைக்காமல் விட்ட கதவு.

மாடியில் சுத்தியல் சத்தம் கேட்டது. பாதி அடி கதவில், பாதி அடி விரலில். புருவத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, ரசமட்டத்தையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு படியேறினார். நானும் பின்னாலேயே போனேன்.

கொண்டி கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி நகர்ந்து வழிவிட்டான். இவர் கொண்டியைக் கழற்றி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, புதிதாகத் துளை போட்டு நேராக மாட்டினார். திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தம்பி எடுத்துக் கொடுத்தான். பூட்டைப் போட்டு, இழுத்து, ஆட்டம் இல்லை என்று பார்த்தார்.

"இனி யாராலும் திறக்க முடியாது" என்றார்.

"சரி மாமா" என்று சொல்லிவிட்டு, தம்பி சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.