அவர் பாடாத அடி

அந்த அடியைப் பாடியவன் நான். மருதமுத்து அண்ணன் அல்லர். நான்!

இத்தனை வருடம் இதைச் சொல்லாமல் எப்படிச் சோறு தின்றாய் என்று கேட்பீர்கள். தின்றேன். நன்றாகவே தின்றேன்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மருதமுத்து அண்ணனின் குரலுக்கு மயங்காதவர் கிடையாது. காமன் கூத்தில் ரதியின் அழுகையை அவர் எடுத்தால், பதுளையிலிருந்து நடந்து வந்த சனமும் விம்மும். நான் அவருக்குப் பின்பாட்டுக்காரன். அந்தக் குரலின்மேல் எனக்கு எவ்வளவு பைத்தியம்! ஆனால் தோட்டத்துத் துரையையோ, எங்களை வேலை வாங்கும் கங்காணியையோ அவர் பாட்டில் தொடவே மாட்டார். புகழவும் மாட்டார், திட்டவும் மாட்டார்.

அந்த மாசியில் என் மனைவி வள்ளி ஏழு மாதக் கர்ப்பிணி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தாள் என்று கங்காணி அவளைக் கொட்டும் மழையில் மதியம்வரை நிறுத்தி வைத்தான். மூன்றாம் நாள் பிள்ளை செத்துப் பிறந்தது.

அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "இதப் பாடுங்கண்ணே" என்றேன்.

"வேணாம் தம்பி. வருசம் பூரா அவன் மூஞ்சியிலதான் முழிக்கிறோம். சனம் அவன மறந்து ஒக்கார்றது இந்தக் கூத்துல மட்டுந்தான். இங்கயும் அவனக் கூட்டிட்டு வரச் சொல்றியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மனிதர் பேச்சு! செத்தது அவர் பிள்ளையா?

ஞாயிறு பிற்பகல் கூத்து. கங்காணி முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். அண்ணன் மூச்சு வாங்கிய நேரம் பார்த்து, நான் எடுத்தேன்:

"மழையில நிறுத்திப் புள்ளயக் கொன்ன கங்காணி, மண்ணாப் போவே நீ!"

கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. கங்காணி எழுந்து போனான்.

பின்பாட்டுக்காரனுக்குச் சொந்தச் சொல் கிடையாது. முன்பாட்டுக்காரர் கொடுத்ததைத்தான் அவன் திருப்பிப் பாடுவான். என் வாயில் எது வந்தாலும் அவர் சொல்லிக்கொடுத்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியும்... தெரிந்துதான் பாடினேன்!

மறுநாள் பெரட்டில் கங்காணி உறுமினான்: "யாரு கட்டுன பாட்டுடா அது?"

அண்ணன் ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் கூத்துல பாடுனது என் பாட்டுதாங்க" என்றார்.

அன்றே பத்துச்சீட்டுக் கொடுக்காமல் விரட்டினார்கள். அந்தச் சீட்டு இல்லாதவனை வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. அவர் மூட்டையோடு இறங்கிப் போனபோது நான் தேயிலைக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

கோழை என்கிறீர்களா? சொல்லுங்கள்! அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. இன்று நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு லயம் அவரைக் கும்பிடுகிறார்கள். எதற்கு? ரதியின் அழுகைக்கா? இல்லை! "கங்காணிய மூஞ்சிக்கு நேரா பாடுன மனுசன்" என்று! வாழ்நாளெல்லாம் அவர் தொடாததை அவர் பெயராக்கிவிட்டேன். அவர்களோடு சேர்ந்து நானும் தலையாட்டுகிறேன்.

போன மாதம் பண்டாரவளைக் கடையில் காசிம் முதலாளி சொன்னார்: "ஒங்க மருதமுத்து மொனராகலப் பக்கம் காடு வெட்டுறாருங்க. பாடச் சொன்னா, எனக்குப் பாட்டு வராதுங்கன்னு சொல்லிர்றாராம்."

உயிரோடு இருக்கிறார்! இரண்டு மூன்று நாள் நடைதான். போய்க் காலில் விழலாம். சனத்தின் முன்னால் உண்மையைச் சொல்லலாம்...

போன ஞாயிறு கூத்தில் சனம் கூவியது: "மருதமுத்தண்ணன் பாட்டு! அந்தக் கங்காணி பாட்டு!"

கங்காணி செத்து ஆறு வருடம் ஆகிறது. இனி எனக்கு யாரிடம் பயம்? யாரிடமும் இல்லை.

பாடினேன். அவர் பெயரைச் சொல்லித்தான் பாடினேன்.