ஒரு பக்கத்து மூக்கு

தீர்த்தம்மாள் நெய்யை நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டாள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்ப்பாள். இடது மூக்கைப் பொத்தி வலதால் ஒரு இழுப்பு, வலதைப் பொத்தி இடதால் ஒரு இழுப்பு. "ஒன்னு பொய் சொன்னாலும் இன்னொன்னு சொல்லாது" என்பாள். பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தைக்கு மலையிலிருந்து அவளிடம் நெய் விற்க வருகிறவர்கள் அவள் முகத்தையே பார்த்தபடி நிற்பார்கள். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டால் வாதாடிப் பயனில்லை. "எருமை நெய்ய எடுத்தாந்து பசு நெய்யின்னு எந்த வாயால சொல்ற?" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி திட்டுவாள். திட்டி முடித்து, வெயிலில் நடந்து வந்தவருக்கு ஒரு சொம்பு மோரும் கொடுப்பாள்.

எழுபத்தொன்றாம் வருடம், பொங்கல் கழிந்த சந்தையில் வலது மூக்கு செத்துப்போனது. இடதுக்கு நெய் மணந்தது. வலதில் வெறும் காற்றுகூட ஏறவில்லை. பத்து நாளில் அதே பக்கம் ரத்தம் கசிந்தது.

கம்பவுண்டர் குப்புராஜ், சளிதான் என்று மாத்திரை மடித்துக் கொடுத்தான்.

"சளின்னா ரெண்டு பக்கமும் அடைக்கோணுமில்ல? இது ஒரே பக்கங்க."

"நீ டாக்டருக்குப் படிச்சியா, நான் படிச்சனா?"

"நீயுந்தான் படிக்கல, தம்பி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் வாயைத் திறக்கும் முன்பே அவன் ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவான்.

புருஷன் மாது வேறொரு காரணம் கண்டுபிடித்தான். "நெய்ய மோந்து மோந்து கொழுப்பு உள்ள போயி ஒறஞ்சிக்கிச்சி" என்று ஊரெல்லாம் சொன்னான். ஊரும் நம்பியது. உறைந்ததை உருக்க வேண்டுமென்று போர்வையைப் போர்த்தி, கொதிக்கும் சட்டிமேல் அவளைக் குனிய வைத்தார்கள். ரத்தம் கொட்டிச் சட்டித் தண்ணீர் சிவந்ததுதான் மிச்சம்.

மேல் கடைவாய்ப் பல் ஆடியது. குப்புராஜ் அதையும் பிடுங்கினான். அந்தக் குழி ஆறவே இல்லை. கன்னம் வீங்கியது, வலது கண் துருத்திக்கொண்டு வந்தது. எல்லாம் வைகாசிக்குள். தன் மூக்கைப் பற்றி ஒரு பெண்பிள்ளை தானே சொல்கிறாளே என்று ஒருவராவது காது கொடுத்தார்களா?

கடைசியில் அவளே பஸ் ஏறினாள். மாது பின்னாலேயே ஓடிவந்து தொற்றிக்கொண்டான். பெரிய ஆஸ்பத்திரியில் நரைத்த தலை டாக்டர் ஒருவர், சில்லென்ற இரும்புத் தகடொன்றை அவள் மூக்கடியில் பிடித்தார். இடது பக்கம் மூச்சாவி படிந்தது. வலது பக்கம் தகடு பளபளவென்றே இருந்தது.

"எத்தனை நாளா ஒரே பக்கம் அடைப்பு?"

அந்தக் கேள்விக்கு அவள் அழுதுவிட்டாள். நாலு மாதமாக அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

மூக்குக்குள்ளிருந்து துளி சதை கிள்ளி மதராசுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. டாக்டர் மாதுவை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, தணிந்த குரலில் பேசினார். தீர்த்தம்மாள் எழுந்து போய் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"மூக்கு யாருதுங்க?"

"நீ உள்ள உட்காரும்மா. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக்கிறேன்."

"மூக்கு என்னுதுங்க. எங்கிட்ட சொல்லுங்க."

சொன்னார். புற்று. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புப் பொந்துகளில் வந்திருக்கிறது; லட்சத்தில் ஒருவருக்கு வருவது, வந்தால் வேகமாகப் பரவுவது. கன்ன எலும்பை எடுக்க வேண்டும், கண்ணும் போகலாம், அப்புறம் புற்றைக் கருக்கக் கதிர் பாய்ச்சும் கரண்டு வைக்க வேண்டும். எடுத்தால் பிழைக்கலாம், உறுதி சொல்ல முடியாது. எடுக்காவிட்டால் தீபாவளி தாண்டாது.

"மொகமே போயிடுமேங்க" என்றான் மாது. "ஊருக்குப் போயி பெரியவங்கள ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துடறோம்."

"ஊரக் கேட்டதுதான்யா இது" என்று அவள் வீங்கிய கன்னத்தை அவன் முகத்தருகே கொண்டுபோனாள்.

நர்ஸ் சம்மதக் காகிதத்தையும் மைப்பெட்டியையும் மாதுவின் முன்னால் வைத்தாள். அவன் கட்டைவிரல் மையைத் தொடாமல் மேலேயே நின்றது. தீர்த்தம்மாள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, தன் கட்டைவிரலை மையில் தோய்த்து, காகிதத்தில் வைத்து, மேசை கிறீச்சிடும்வரை அழுத்தினாள்.