பழவேற்காட்டுக் கண்ணாடி அறையும் நான் சொன்ன யோசனையும்

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை பழவேற்காடு போனேன். ஊர் சுற்ற அல்ல, திட்டு வாங்க. ஒரு வருடம் முன்பு அங்கே டச்சுக் காலத்து வீடு ஒன்றில், கூரை ஒழுகும் கண்ணாடி அறைக்கு நான்தான் யோசனை சொன்னேன்: "சிலிக்கான் பசை போதும், பத்து வருஷத்துக்குக் கவலையில்லை." அதோடு நிற்காமல், ஏணியில் ஏறி ஒரு கண்ணாடிக்கு நானே பூசியும் காட்டினேன். முதல் மழைக்கே ஒழுகியது என்று வீட்டுக்காரர் கஸ்தூரி போனில் சொன்னபோது எனக்கு வெட்கமாகிவிட்டது.

சென்ட்ரலில் காலை புறநகர் ரயில். பொன்னேரிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், டிக்கெட் பத்து ரூபாய். அங்கிருந்து பேருந்தில் சுமார் இருபது கிலோமீட்டர், முக்கால் மணி. எட்டு மணிக்குள் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்.

வீட்டை ஒரு டச்சு வியாபாரி கட்டினார் என்றும், கப்பலில் வாடி வந்த செடிகளைத் தேற்றவே அந்த அறை என்றும் சொல்கிறார்கள். ஆதாரம் கேட்காதீர்கள், யாரிடமும் இல்லை. கண்ணாடிகள் பிற்பாடு மாட்டியவை போலத்தான் தெரிகிறது. கஸ்தூரியின் நைனா வீட்டை வாங்கியபின் அங்கே இறால் காய்ந்தது. இப்போது கஸ்தூரி மிளகாய், கத்தரி நாற்று வளர்க்கிறார். வெளியே உப்புக்காற்றில் கருகிவிடும் நாற்று உள்ளே தளதளவென்று நிற்கிறது. பக்கத்து ஊரான காட்டூர் விவசாயிகள் வந்து வாங்கிப்போகிறார்கள். ஆனால் கூரை ஒழுகினால் நாற்று அழுகிவிடும். கஸ்தூரி புதிதாக அடைத்தபின்னும் ஒழுகினால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு கான்கிரீட் போட்டு, வலையும் எஞ்சினும் வைக்கப்போவதாக அவருடைய அண்ணன் முருகேசன் சொல்லியிருந்தார். லைட்ஹவுஸ் குப்பத்தில் படகு வைத்திருப்பவர். வீட்டில் பாதி அவருடையது.

வாசலிலேயே முருகேசன் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், இந்த வாட்டியும் எதுனா யோசனை கொண்டாந்துகிறீங்களா?"

"இல்லைங்க, வாயைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

மரப்படகின் பலகை இடுக்கை அடைப்பதுபோல, பஞ்சும் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியப் பிசினும் வைத்துக் கஸ்தூரி கண்ணாடிச் சட்டங்களை அடைத்திருந்தார். சோதனைக்காக நாற்றுத் தட்டுகளை வெளியே எடுத்து, தரை முழுக்கக் கோலமாவு தூவினார். ஒரு சொட்டு விழுந்தாலும் மாவில் குழி தெரியும். முருகேசன் மோட்டார் போட்டு, குழாயால் அரை மணி நேரம் கூரைமேல் தண்ணீர் அடித்தார். நான் ஜன்னல் வழியே மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பரீட்சை முடிவுக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை.

மேற்கு மூலையில் மட்டும் நாலைந்து குழிகள்.

"ஒழுவுது பாரு. நான் இன்னா சொன்னேன்?" என்றார் முருகேசன்.

கஸ்தூரி தயங்கி என்னைப் பார்த்தார். "அந்த ஒரு கண்ணாடிய நான் தொடவே இல்லண்ணா. சார் அவரு கையால ஒட்னது. பேத்தா மரியாத இல்லனு உட்டுட்டேன்."

அறையையே இழக்கவிருந்தவர், என் மனம் நோகக்கூடாது என்று பார்த்திருக்கிறார். முருகேசன் கூரையைப் பார்த்தார், பிறகு என்னிடம் சுரண்டியை நீட்டினார். "ஏறுங்க சார். ஒட்னவரே பேத்துடுங்க."

பேர்த்தேன். கஸ்தூரி குங்கிலியம் வைத்தார். இரண்டரை மணிக்கு மறுபடி தண்ணீர் அடித்தபோது மாவு கலையாமல் கிடந்தது. முதல் நாற்றுத் தட்டை உள்ளே தூக்கிவைத்தவர் முருகேசன்தான்.

போகிறவர்கள் மழைக்காலத்துக்கு முன் போங்கள். திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்காவது யோசனை சொன்னால், அடுத்த மழைக்குப் பிறகு ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். உங்கள் மேல் வைத்த மரியாதைக்காக அவர்கள் நனைந்துகொண்டிருக்கலாம்.